ஏகாம்பரம் வீட்டுத் தறியில் விட்டுவந்த ரெக்கார்டர்

"அக்கா, என்ன ரெக்கார்டர் வாங்கலாம்?"

வாரத்துக்கு ஒருவராவது இப்படி வாய்ஸ் மெசேஜ் அனுப்பிவிடுகிறீர்கள். அந்த மெசேஜுக்குப் பின்னால் மிக்ஸி ஓடுகிறது, பஸ் ஹாரன் அடிக்கிறது, ஒரு பிள்ளை குளியலறையில் நின்றுகொண்டே பேசுகிறது. சினிமாவுக்கு ஒலிப்பதிவு செய்ய வருகிறவர்கள் அனுப்பும் மெசேஜின் லட்சணம் இது. கோபம் பொத்துக்கொண்டு வரும். ஆனாலும் கடைசிவரை கேட்டுவிடுவேன். வேலையை விட்ட பிறகு, யாராவது எதையாவது எனக்குக் கேட்க அனுப்பினால் போதும் என்று ஆகிவிட்டது.

எத்தனை சானல், எத்தனை பிட், எந்த நாட்டுத் தயாரிப்பு என்பதையெல்லாம் கடைக்காரரே வாய் வலிக்கச் சொல்லுவார். நான் கேட்பது வேறு. அதை எங்கே வைக்கப் போகிறாய்? யார் பேசப் போகிறார்கள்? அவர்களுக்குப் பக்கத்தில் என்ன சத்தம்? இப்படித் திருப்பிக் கேட்டால் பாதிப் பேர் "அப்புறம் பேசறேன் அக்கா" என்று நழுவிவிடுகிறார்கள். அதனால் ஒரே தடவையாக எழுதி வைக்கிறேன். இனி கேட்கிறவர்களுக்கு இதையே அனுப்பிவிட்டு என் காபியைக் குடிக்கலாம்.

என்னைத் தெரியாதவர்களுக்கு: எனக்குக் காஞ்சிபுரத்தை ஒட்டிய ஏனாத்தூர் பக்கம். தாத்தா காலம்வரை பிறத்தியார் நிலத்தில் கூலி வேலை. அப்பா மாதா கோயில் திருவிழாவுக்கும் கல்யாணத்துக்கும் மைக் செட் கட்டினார். வயரைச் சுருட்டுவதில் ஆரம்பித்த நான், டிஜிட்டல் கேமரா வந்து ஊருக்கு நாலு பேர் படம் எடுக்கத் தொடங்கியதும் ஹெட்போனை மாட்டிக்கொண்டேன். குறும்படம், ஆவணப்படம், எப்போதாவது ஒரு பெரிய படம். படப்பிடிப்பில் எல்லோருக்கும் நான் சவுண்டக்காதான். என் பேரே பலருக்குத் தெரியாது.

கதைக்குப் போகும் முன் ஒரு விஷயம் புரியவேண்டும். ரெக்கார்டரில் ஆட்டோ லெவல் என்று ஒன்று இருக்கும். சத்தம் பெரிதாக வந்தால் மிஷினே தன் காதைப் பொத்திக்கொள்ளும், சின்னதாக வந்தால் தானே திறந்துகொள்ளும். கேட்க நன்றாக இருக்கிறதல்லவா? மாகறல் கோயிலில் ஒருமுறை வாடகை ரெக்கார்டரை வைத்துப் பதிவு செய்தேன். மணி அடித்தது, மிஷின் காதைப் பொத்திக்கொண்டது. உடனே ஓதுவார் பாட ஆரம்பித்தார். அது மெல்ல மெல்லக் காதைத் திறப்பதற்குள் முதல் அடி முடிந்துவிட்டது. அவர் மூச்சு வாங்க நிறுத்தினார், அது முழுசாகத் திறந்துகொண்டு மின்விசிறியையும் புறாவையும் அள்ளி வந்து கொடுத்தது. அன்றிலிருந்து என் கைக்கு எந்த மிஷின் வந்தாலும் முதலில் அந்த ஆட்டோ லெவலை அணைக்க முடியுமா என்றுதான் பார்ப்பேன்.

இனி ஏகாம்பரம் வீடு.

ஏழெட்டு வருஷம் இருக்கும். பிரவீன் என்ற சென்னைப் பையன் காஞ்சிபுரம் நெசவாளர்களைப் பற்றி ஆவணப்படம் எடுத்தான். நல்ல பையன், அவசரக்காரன். அவன் தேர்ந்தெடுத்த நெசவாளர் ஏகாம்பரம். ஐம்பதைத் தாண்டியவர். அவர் மனைவி கஸ்தூரி. மகளைப் பெங்களூரில் கட்டிக்கொடுத்துவிட்டு, இருவரும் ஒரே தறியில் நெய்துகொண்டிருந்தார்கள்.

ஏகாம்பரத்தின் குரல் அப்போதே கம்மிப்போயிருந்தது. அதனால் பிரவீன் தெருவே அமைதியாக இருக்கும் ஒரு நாளைத் தேடினான். காலண்டரைப் பார்த்துவிட்டு, "அமாவாசை அன்னிக்கு யாரும் தறியில உக்கார மாட்டாங்களாம் அக்கா, ஒரு சத்தம் இருக்காது" என்று ஏதோ புதையலைக் கண்டவன் மாதிரி சொன்னான். எனக்கும் அது நல்ல யோசனையாகத்தான் பட்டது. ஒலிப்பதிவுக்காரர்களுக்கு அமைதி என்றால் அவ்வளவு ஆசை.

அமாவாசைக் காலையில் போனோம். ஜன்னலுக்கெல்லாம் ஜமுக்காளம் கட்டினோம். மின்விசிறியை நிறுத்தினோம், பிரிட்ஜை நிறுத்தினோம். ஏகாம்பரம் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு நாற்காலியில் வந்து உட்கார்ந்தார். நான் பெரிய ரெக்கார்டரைப் பையோடு மார்பில் மாட்டிக்கொண்டேன். மெல்லிய குரலை இரைச்சல் இல்லாமல் தூக்கிக் கொடுப்பதில் அதை அடித்துக்கொள்ள அப்போது ஆள் இல்லை. அவர் பேசினார். "நான் பல ஆண்டுகளாக நெசவுத் தொழிலில் ஈடுபட்டு வருகிறேன்." சங்கத்துக் கூட்டத்தில் அதிகாரி வந்தால் பேசுகிற பேச்சு. ஆனால் பதிவு பளிங்கு மாதிரி இருந்தது. பிரவீன் என்னைப் பார்த்துக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினான்.

வயரைச் சுருட்டிக்கொண்டிருந்தபோது கஸ்தூரி டீயோடு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"நாள மறுநாளு ஆஸ்பத்திரில சேக்கறோம்மா" என்றாள். "கொரவளையையே எடுத்துடணும்னு சொல்லிட்டாங்க. உசுருக்கு ஒண்ணும் இல்லியாம். பேச்சுதான் வராதாம்."

சுருட்டிக்கொண்டிருந்த வயரைக் கீழே வைத்தேன்.

"நீ புடிச்சத எனக்கு ஒண்ணு குடுப்பியாமா? அவுரு பேசறது எங்கிட்ட இருக்கணும்."

"தாராளமா குடுக்கறன்கா. இப்பவே கேளுங்க" என்று ஹெட்போனை அவள் காதில் மாட்டிவிட்டேன். அவள் கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் கேட்டாள். பிறகு கழற்றி என் மடியில் வைத்தாள்.

"கொரலு அவுருதுதான்" என்றாள். "ஆனா ஊர்ல இருக்கறவங்களுக்கு இல்ல சொல்லிக்கினு இருக்காரு. எங்கிட்ட எதுவும் பேசலியே."

அவள் குறை சொல்லவில்லை. கேட்டது கிடைக்கவில்லை என்று மட்டும் சொன்னாள். அது எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

பிறகு அவளே விளக்கினாள். ஏகாம்பரம் வீட்டில் வாயே திறக்காதவர். சாப்பிடும்போது பேச்சில்லை, படுக்கும்போது பேச்சில்லை. அவர் அவளோடு பேசியதெல்லாம் தறியில்தான். உடலையும் கரையையும் தனித்தனியாக நெய்து கோக்கும் கோர்வைப் புடவைக்கு இரண்டு பேர் வேண்டும் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். அவர் தறிக் குழியில் காலை இறக்கி உட்கார்ந்து புடவையின் உடலை நெய்வார். வலப்பக்கம் அவள் உட்கார்ந்து கரைக்கான நாடாவைப் போடவேண்டும். நாடா என்பது நூல் கண்டை வைத்துத் தறியில் ஓடவிடும் சின்னக் கட்டை. அவள் போடவேண்டிய நேரம் வந்ததும் அவர் "இந்தா, போடு" என்பார். அந்த 'இந்தா'தான் அவளுக்கு அவர் வைத்த பேர். அதோடு ஒட்டிக்கொண்டுதான் மற்ற பேச்செல்லாம் வரும்.

"பொண்ணுக்கு மாப்ள பாத்தத கூட அங்கதாம்மா சொன்னாரு. மூஞ்ச பாக்கமாட்டாரு. பாவு நூல பாத்துக்கினே சொல்லுவாரு. நானும் நாடாவ போட்டுக்கினே சரின்னேன்" என்று சொல்லிச் சிரித்தாள்.

நாங்கள் தெருவையே அமைதியாக்கி, தறியை நிறுத்திவிட்டு, அந்த மனிதரின் குரலைப் பிடிக்கப் பார்த்திருக்கிறோம்.

அடுத்த நாள் மட்டுமே மிச்சம். பிரவீனுக்கு அன்று ஏனாத்தூரில் ஒரு பேராசிரியரின் பேட்டி இருந்தது. "போற வழியில அரை மணி நேரம் மட்டும் குடு" என்று கெஞ்சி, காலையிலேயே ஏகாம்பரம் வீட்டுக்குக் காரைத் திருப்பினேன். பிரவீன் காரில் உட்கார்ந்துவிட்டான். நான் பெரிய ரெக்கார்டரோடும் மைக் கம்போடும் உள்ளே போனேன்.

வாசலில் என் நிழல் விழுந்ததும் தறி நின்றது. ஏகாம்பரம் குழியிலிருந்து ஏறி வந்து, துண்டில் கையைத் துடைத்துக்கொண்டு, "வாமா" என்றார். ஆள் வந்திருக்கும்போது நெய்துகொண்டே இருப்பது அந்த வீடுகளில் மரியாதை இல்லை. நான் வற்புறுத்தியதால் திரும்பவும் இறங்கி உட்கார்ந்தார். நெய்தார். முதுகை நிமிர்த்திக்கொண்டு, பாஸ்போர்ட் போட்டோவுக்கு உட்கார்ந்த மாதிரி நெய்தார். ஒரு வார்த்தை வரவில்லை. கஸ்தூரியும் அவர் கையைப் பார்த்துப் பார்த்து வாய் திறக்காமல் நாடாவைப் போட்டாள். என் ஹெட்போனில் தறிச் சத்தம் அருமையாக விழுந்தது. எனக்கு அழுகையே வந்துவிடும் போலிருந்தது.

கைப்பையில் இன்னொரு ரெக்கார்டர் இருந்தது. சோப்பு டப்பா அளவுதான் இருக்கும். மைக் அதிலேயே உண்டு. வயர் வேண்டாம், ஆள் வேண்டாம், வைத்துவிட்டு வந்துவிடலாம். ஆனால் அதன் மைக்கில் சதா ஒரு இரைச்சல் உண்டு. யாரும் நம்பி ஒரு முழுப் பேட்டியை அதில் எடுக்கமாட்டார்கள்.

நான் இருந்தால் அவர் பேசமாட்டார். நான் போய்விட்டால் லெவலைப் பார்க்க ஆள் இல்லை. தறியில் நூலை நெருக்கும் பலகை அடிக்கிற அடி இருக்கிறதே, அது அறையையே அதிர வைக்கும். அதற்கும் அடுத்த அடிக்கும் நடுவே, ஓட்டைக் குடத்தில் காற்று வருகிற மாதிரி அவருடைய குரல். ஆட்டோ லெவலில் விட்டால் ஒவ்வொரு அடிக்கும் மிஷின் காதைப் பொத்திக்கொள்ளும், அதற்குள் அவர் சொல்லி முடித்துவிடுவார். பலகைக்கு ஏற்றபடி லெவலைக் குறைத்து வைத்தால், அவர் குரல் இரைச்சலுக்கு அடியில் போய்விடும். குரலுக்கு ஏற்றபடி கூட்டி வைத்தால் பலகை அடிக்கிறபோதெல்லாம் சத்தம் உடைந்து கிழியும். அப்படி உடைந்தது உடைந்ததுதான், அப்போது அதை ஒட்டவைக்க வழியில்லை. இப்போது உங்களிடம் இருக்கும் மிஷின்களில் பெரிய சத்தமும் சின்ன சத்தமும் சேர்ந்தே விழுகின்றன, பிறகு கம்ப்யூட்டரில் உட்கார்ந்து வேண்டியதை எடுத்துக்கொள்கிறீர்கள். கொடுத்து வைத்தவர்கள். அன்று என் கையில் இருந்தது அது இல்லை.

எங்கள் தொழிலில் முதல் விதி, சத்தம் உடையக்கூடாது. யாரைக் கேட்டாலும் அதைத்தான் சொல்வார்கள். நானும் எத்தனையோ பேரை அதற்காகத் திட்டியிருக்கிறேன்.

வெளியே பிரவீன் ஹாரன் அடித்தான். போனிலும் கூப்பிட்டான். "அக்கா, புரொபசர் வெயிட் பண்றாரு."

"வரேன்டா" என்று கத்திவிட்டு, அந்தச் சின்ன மிஷினைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். இது யாருக்கான பதிவு? படத்துக்கு என்றால் விதிப்படி நடக்கவேண்டும். இது கஸ்தூரிக்கு. பலகைச் சத்தம் நாளைக்கும் அவளுக்குக் கிடைக்கும், அடுத்த வருஷமும் கிடைக்கும். அது கிழிந்தால் கிழியட்டும். குரல் ஒன்றுதான் நாளைக்குக் கிடைக்காதது. ஆட்டோ லெவலை அணைத்தேன். அவருடைய கம்மிய குரலுக்கு ஏற்றபடி லெவலைக் கூட்டினேன். கஸ்தூரி உட்காரும் பக்கத்துத் தறிமரத்தில், அவளுடைய தோள் உயரத்தில், ஒரு துண்டை நாலாக மடித்து அதன்மேல் வைத்தேன். அவள் காதுக்கு எப்படிக் கேட்குமோ அப்படியே விழட்டும் என்று நினைத்தேன்.

ஏகாம்பரம் அதைப் பார்த்தார். "இதுவும் படத்துக்காமா?"

நான் சொல்வதற்குள் கஸ்தூரி சொன்னாள். "இல்ல. எனுக்கு."

அவர் அவளைப் பார்த்தார். பிறகு தன் நாடாவைக் கையில் எடுத்தார்.

"நாங்க கெளம்பறோம்யா. அது பாட்டுக்கு ஓடிக்கினு இருக்கும். நீங்க பாட்டுக்கு நெய்ங்க" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். நான் கார் கதவைத் திறந்தபோது உள்ளே தறி ஓட ஆரம்பித்தது.

ஏனாத்தூரில் அந்தப் பேராசிரியர் என்ன பேசினார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அவர் வாயைப் பார்த்துக்கொண்டே நான் மனதில் வேறு தறியைக் கேட்டுக்கொண்டிருந்தேன். ஓடிக்கொண்டிருக்கிற மிஷினை விட்டுவிட்டு, லெவலைக்கூடப் பார்க்க முடியாமல் உட்கார்ந்திருக்கும் வேதனை இருக்கிறதே, அதை ஒருநாள் நீங்களும் படுவீர்கள்.

சாப்பாட்டு நேரத்துக்குப் பிறகு திரும்பிப் போனோம். பேட்டரி தீர்ந்து மிஷின் நின்றிருந்தது. புது பேட்டரி போட்டு, நடுவில் ஓர் இடத்திலிருந்து கொஞ்சம் கேட்டேன். பதிவாகியிருக்கிறதா என்று தெரிந்துகொள்ள அது வேண்டியிருந்தது. பலகை அடிக்கும்போதெல்லாம் சத்தம் தகரத்தைக் கிழிப்பது போல் கிழிந்தது. அந்தக் கிழிசல்களுக்கு நடுவே, என் காதுக்கு ஒரு சாண் தூரத்தில், அவர் இருந்தார்.

"இந்தா, போடு… எங்க பாத்துக்கினு இருக்கற?"

"ஒங்க மூஞ்சதான் பாத்துக்கினு இருக்கறன். பேசாம நெய்ங்க. டாக்டரு பேசக்கூடாதுன்னு சொன்னாரு இல்ல?"

பலகைச் சத்தம் இரண்டு முறை கிழிந்தது.

"நாளையிலேந்து பேசமாட்டேன். இன்னிக்கு போடு."

அதற்குமேல் கேட்க எனக்கு உரிமை இல்லை. ஹெட்போனைக் கஸ்தூரியிடம் கொடுத்துவிட்டேன். பிரவீன் மட்டும் ஒரு காதில் வைத்துப் பார்த்துவிட்டு, "அக்கா, எல்லாம் உடையுதே, இதுல ஒண்ணுகூட யூஸ் பண்ண முடியாதே" என்றான். அவன் சொன்னது சரிதான். படத்துக்கு அமாவாசைப் பேட்டியையே வைத்துக்கொண்டான். படமும் நன்றாகத்தான் வந்தது. தறியில் எடுத்த பதிவைக் கஸ்தூரியின் போனில் ஏற்றிக் கொடுத்தேன்.

ஆகவே, என்ன ரெக்கார்டர் வாங்கலாம் என்று கேட்கிற பிள்ளைகளே, உங்கள் பதில் இதில் இருக்கிறது. மெல்லிய குரலை இரைச்சல் இல்லாமல் எடுக்கும் பெரியது ஒன்றை, வசதி வரும்போது வாங்குங்கள். அதற்கு முன்னால், வைத்துவிட்டு வெளியே வரக்கூடிய சின்னது ஒன்றை வாங்குங்கள். வெயிலில் அதன் திரை தெரிகிறதா என்று கடையை விட்டு வெளியே வந்து நின்று பாருங்கள். தெருக்கோடி மளிகைக் கடையில் கிடைக்கும் பேட்டரி அதில் போடமுடியுமா என்று பாருங்கள். யாராவது தெரியாமல் தொட்டாலும் நிற்காதபடி பூட்டும் பொத்தான் வேண்டும். இவ்வளவும் இருந்தும், எதை இழந்தாலும் பரவாயில்லை, எதை இழக்கக்கூடாது என்று நீங்கள்தான் சொல்லவேண்டும். அதை எந்த மிஷினும் சொல்லாது.

எனக்கு இப்போது கீச்சென்று உச்சத்தில் வரும் சத்தங்கள் கேட்பதில்லை. டாக்டர் ஒரு காகிதத்தில் கோடு போட்டு, இதற்குமேல் உங்களுக்கு இல்லை என்று காட்டிவிட்டார். காது போன பிறகு தொழிலில் உட்கார்ந்திருப்பது சரியில்லை என்று நானே விட்டுவிட்டேன். வருத்தம் இல்லை என்று சொன்னால் பொய். ஹெட்போனை மாட்டியதும் ஓர் அறை முழுவதும் காதுக்குள் வந்து உட்காருமே, அதற்கு ஏங்குகிறேன். சில நாள் காலையில் சும்மாவேனும் எடுத்து மாட்டிக்கொண்டு மாடியில் நிற்கிறேன்.

ஏகாம்பரத்துக்கு ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. சில மாதம் கழித்துப் படத்தைக் கொடுப்பதற்காக அவர்கள் வீட்டுக்குப் போனேன். வாசலுக்குக் கொஞ்சம் முன்பே கால் நின்றுவிட்டது. உள்ளேயிருந்து அந்தக் கிழிசல் சத்தம் வந்தது. பின்னாலேயே, "இந்தா, போடு."

உள்ளே போனால் தறி நின்றுவிடும். அதனால் சுவரோரமாக நின்று எட்டிப் பார்த்தேன். ஏகாம்பரம் கழுத்தில் வெள்ளைத் துணி கட்டிக்கொண்டு குழியில் உட்கார்ந்திருந்தார். போன் தறிமரத்தின்மேல் இருந்தது. அதை வைத்ததும் அவராகத்தான் இருக்கவேண்டும், அவர் கைக்கு எட்டும் இடத்தில் இருந்தது. போனில் பலகை கிழிந்தபோதெல்லாம் அவரும் சரியாகப் பலகையை அடித்தார். போனில் தறி தாமதித்தால் அவரும் கையை நிறுத்திக் காத்திருந்தார். முன்பு தான் நெய்த வேகத்துக்கே திரும்பவும் நெய்துகொண்டிருந்தார், அவளைக் கூப்பிடுகிற இடம் தவறிவிடக்கூடாது என்பதற்காக.

கஸ்தூரி பக்கத்தில் உட்கார்ந்து நாடாவைப் போட்டுக்கொண்டிருந்தாள். போனில் பலகைச் சத்தம் கிழிந்தது.

"இந்தா, போடு… எங்க பாத்துக்கினு இருக்கற?"

போனில் அடுத்து அவளுடைய பழைய பதில் வரவேண்டும். அது வருவதற்கு முன்னால் அவள் முந்திக்கொண்டு, அவர் பக்கம் திரும்பி, நிஜமான எரிச்சலோடு சொன்னாள்.

"போட்டுட்டேன்யா, போட்டுட்டேன். இன்னாத்துக்கு இப்டி கத்தறீங்க?"